நாலாவது டேக்

தகரக் கூரை போட்ட சர்ச்சில் ஒலிப்பதிவு வைத்துக்கொள்வதென்றால், வாத்தியக்காரர்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட வேண்டும். மழை பிடித்தால் போச்சு, எத்தனை வயலின் வாசித்தாலும் கூரைச் சத்தம்தான் கேட்கும். வசந்தத்தில் மேக்பைப் பறவைகளின் தொல்லை, கோடையில் பக்கத்துப் பண்ணைக்காரரின் வைக்கோல் இயந்திரம். முப்பது வருஷம் இவற்றோடு மல்லுக்கட்டியவன் நான். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, ஜோசி. நான் வேலையில் அசட்டையானவன் இல்லை. நடந்தது எதுவும் அசட்டையால் நடந்ததில்லை.

போன வாரம் நீ என் வீட்டு வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "சாகறதுக்கு முன்னாடி எங்க அப்பாவுக்கு நீங்க எதைப் போட்டுக் காட்டினீங்க, ராஸ்?" உள்ளே வா, தேநீர் போடுகிறேன் என்றேன். நீ காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நேரில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அழுவாய். எனக்கு அது ஒத்துவராது. அதனால் எழுதுகிறேன். இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. வக்கீலிடம் காட்டினால் அவர் கையை விரிப்பார். நான் செய்ததற்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருப்பதாகத் தெரியவில்லை.

உன் அப்பா பெவனும் நானும் அடிலெய்டு இசைக் கல்லூரியில் ஒரே வகுப்பு. கடைசி வருஷம், 1983இல், நான்கு தந்தி வாத்தியங்களுக்கு எழுதும் போட்டி ஒன்று வைத்தார்கள். நான் எட்டு மாதம் உட்கார்ந்து எழுதினேன். அவன் மூன்று வாரத்தில் கிறுக்கிக் கொடுத்தான். பரிசு அவனுக்குப் போயிற்று. சாயங்காலம் மதுக்கடையில் எனக்கும் சேர்த்து பியர் வாங்கி வந்து வைத்துவிட்டு என் தோளைத் தட்டினான்.

"உன்னுது நல்லாத்தான்டா இருந்துச்சு. ஒரு தப்புகூட இல்ல."

"அப்புறம் எதுக்குடா உனக்குக் குடுத்தாங்க?"

"என்னுதுல நிறைய இருக்கே" என்று சொல்லிச் சிரித்தான்.

அதில் கள்ளமே கிடையாது. அவன் மனதில் பட்டதை அப்படியே சொன்னான், நானும் சிரித்தேன். அன்றோடு இசை எழுதுவதை விட்டேன். வானொலியில் ஒலிப்பதிவுப் பிரிவில் ஆள் எடுத்தார்கள், போய்ச் சேர்ந்தேன். நல்ல வேலை. எனக்குக் காது நன்றாக இருந்தது. அதை அவனே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறான்.

1994இல் அவனுடைய முதல் ஒலித்தட்டு வெளிவருவதாக இருந்தது. படத்துக்கோ விளம்பரத்துக்கோ எழுதாமல், கச்சேரி மண்டபத்துக்கு மட்டும் எழுதிப் பிழைக்க நினைத்த பைத்தியக்காரன் அவன். இந்த நாட்டில் அப்படிப்பட்டவனின் படைப்பை மேடையில் ஒரு தடவை வாசிப்பார்கள், கைதட்டுவார்கள், மறந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் படைப்புக்கு ஒலித்தட்டைத் தவிர வேறு வீடு கிடையாது. கடல் தாண்டி யாராவது கேட்டு, பிடித்துப்போய்க் கூப்பிட்டால் உண்டு. அதனால் அவன் நேரே என்னிடம் வந்தான்.

"எனக்கு உன் காதுதான்டா வேணும். நீ சரின்னா சரி."

அவனுக்கு ஒரு வியாதி இருந்தது, உனக்கே தெரியும். தன் இசையைத் தானே கேட்கமாட்டான். தன் குரலைப் பதிவில் கேட்டால் சிலருக்கு உடம்பு கூசுமே, அப்படி. மேடைக் கச்சேரி என்றால் வாசல் கூடத்தில் நின்று விரலைக் கடித்துக்கொண்டிருப்பான். ஒலிப்பதிவு என்றால் சர்ச்சுக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பான். நான் வெளியே வந்தால் தலையைத் தூக்காமலே கேட்பான்.

"பொழைச்சேனா?"

"பொழைச்ச."

"ஏழெழுத்துல ஒரு மீன் சொல்லு."

எங்கள் தொழிலைப் பற்றி நீ ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒலித்தட்டில் நீ கேட்பது யாரும் ஒரே மூச்சில் வாசித்தது அல்ல. ஒரே பகுதியை நாலு தடவை, ஏழு தடவை வாசிப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு டேக். பதிவறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் இசைத்தாளில் பென்சிலால் குறித்துக்கொள்வேன். எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, தனியாக உட்கார்ந்து, எது இருக்கும், எது போகும் என்று நான்தான் முடிவு செய்வேன். செவ்வாய்க்கிழமை வாசித்த ஒரு ஸ்வரத்தை வியாழக்கிழமை வாசித்ததோடு ஒட்டுவேன். ஒட்டு எங்கே என்று வாசித்தவர்களுக்கே தெரியாது.

எப்போதும் ஒரு டேக் சரியாக இருக்கும். ஒரு டேக் உயிரோடு இருக்கும். இரண்டும் ஒன்றாக அமைவது அபூர்வம். உயிரோடு இருப்பதை எடுத்துக்கொண்டு, அதில் இருக்கும் கீறலை மட்டும் மற்றதிலிருந்து வெட்டி ஒட்டி மறைப்பதற்குத்தான் என்னைப் போன்றவனுக்குச் சம்பளம்.

முதல் ஒலித்தட்டில் மெதுவான ஒரு பகுதி. மூன்றாவது டேக்கில் வில் ஓர் இடத்தில் லேசாகச் சறுக்கியிருந்தது. ஆனால் கேட்கும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூன்று வாரத்தில் கிறுக்கிய பயல் இன்னும் அப்படியேதான் கிறுக்கிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது. வயிறு எரிந்தது. நான் வேறு சொல் தேடப்போவதில்லை, பொறாமைதான். இரண்டாவது டேக் சுத்தமாக இருந்தது, செத்தும் இருந்தது. இரண்டாவதை எடுத்து வைத்தேன். ஒரு தடவைதானே என்றுகூட நான் நினைத்துக்கொள்ளவில்லை. பிசிறில்லாததைத் தேர்ந்தெடுத்தேன், அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து உங்கள் வீட்டுச் சமையலறையில் பெவன் பத்திரிகை விமர்சனத்தைச் சத்தமாகப் படித்தான். 'ஒரு பிசிறு இல்லை. ஒரு துடிப்பும் இல்லை.'

"பிசிறு இல்லியாம். அந்தப் பாதி உனக்குடா. மிச்சம் எனக்கு" என்றான்.

உன் அம்மா சிரித்தாள். ஆட்டுக்கறி வறுத்து வைத்திருந்தாள். நான் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை.

பதினான்கு வருஷத்தில் பதினோரு ஒலித்தட்டு. பதினொன்றையும் நான்தான் செய்தேன், பதினொன்றையும் அதே விதமாகத்தான் செய்தேன். வாசித்தவர்கள் கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்பாய். வாத்தியக்காரர்கள் ஒலித்தட்டு கைக்கு வந்ததும் தங்கள் தப்பைத்தான் தேடிக் கேட்பார்கள். அது அங்கே இல்லை என்றால் அவர்களுக்கு உயிர் வந்துவிடும். "ராஸ், அந்த எழவெடுத்த இடத்தை எப்படிய்யா சரி பண்ணின?" என்று கேட்டு எனக்கு ஒயின் புட்டி அனுப்பியவர்கள் உண்டு. எனக்கு இந்தத் தொழிலில் நல்ல பேர்.

உயிரோடு இருந்த டேக்குகளை நான் தூக்கிப் போடவில்லை. அதை நீ நம்ப வேண்டும். எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பத்திரப்படுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் புல் வெட்டி முடித்து, குளித்துவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்வேன். அவன் எழுதியதை, அவன் மனதில் இருந்தபடி கேட்ட ஒரே மனிதன் நான். அவனேகூடக் கேட்டதில்லை. அவன் இசையின் மேல் என்னைவிட ஆசை வைத்தவர் யாரும் இல்லை என்று நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

2008இல் ஜெர்மனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெரிய இசைக்குழு. அவன் ஒலித்தட்டுகள் எல்லாவற்றையும் கேட்டதாகவும், மிகவும் துல்லியமாக இருப்பதாகவும், தங்கள் ரசிகர்களுக்கு அது போதாது என்றும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். அன்றைக்குத்தான் அவன் முதல் தடவையாக, "ஒண்ணு போடு, கேக்கலாம்" என்றான். போர்ட் எலியட்டில் உங்கள் வீட்டு முன்னறையில், கடலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிஷம் கேட்டான்.

"நான் எழுதினது இதுதானா?"

"இதுதான்."

"வாசிச்சவங்க ஏதாவது..."

"அவங்களைக் குத்தம் சொல்லாத பெவன். எழுதினதை எழுதினபடிதான் வாசிச்சிருக்காங்க."

"அப்ப எழுதினதுலதான்" என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. சும்மா இருப்பது பொய் ஆகாது. அடுத்த மாதம் கூல்வா பள்ளிக்கூடத்துக்குப் பியானோவைக் கொடுத்துவிட்டான். டிரெய்லரில் ஏற்றும்போது ஒரு முனையை நான் பிடித்தேன். அதே பள்ளிக்கூடத்துக்குப் பேருந்து ஓட்டப் போனான். உனக்கு அப்போது பதினாலு வயது. "அப்பா ஏன் எழுதறதே இல்ல?" என்று என்னைக் கேட்டாய். களைப்பாக இருக்கிறார், ஓய்வெடுக்கட்டும் என்றேன்.

உறுத்தவில்லையா என்றால், உறுத்தியது. ஆனால் உள்ளதைச் சொல்கிறேன்: அதற்குப் பிறகு வந்த எட்டு வருஷம்தான் எங்கள் நட்பில் நல்ல காலம். அவனும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. சனிக்கிழமை இருவரும் கடல் பாலத்தில் தூண்டிலோடு உட்கார்ந்து, வானொலியில் கால்பந்து கேட்போம். அவனுக்கு மீன் கடிக்காது, எனக்குக் கடிக்கும். "உனக்கு மட்டும் எப்படிடா?" என்பான். அப்படி அவன் என்னைப் பார்த்துக் கேட்டது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று உனக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

2016இல் அவன் நுரையீரலில் வியாதி என்று சொன்னார்கள். அந்த வாரமே பாலத்துக்கு ஒரு பழுப்பு உறையோடு வந்தான்.

"திட்டாத. ஒண்ணு எழுதிட்டேன்."

"எப்போடா?"

"பஸ்ஸுல. பசங்களை ஏத்தறதுக்கு முன்னாடி அரைமணி கெடைக்கும்ல."

செல்லோவும் பன்னிரண்டு தந்தி வாத்தியமும். பத்தொன்பது நிமிஷம். வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்றபடியே படித்தேன். இசைத்தாளைப் பார்த்தாலே எனக்குள் கேட்கும். அந்த வரம் எனக்கு உண்டு. படித்து முடித்ததும் எனக்கு வந்தது கோபம். எட்டு வருஷம் எவ்வளவு நிம்மதியாக இருந்தோம், இது எதற்கு உனக்கு என்று அவன் சட்டையைப் பிடித்துக் கேட்கவேண்டும் போல இருந்தது. பேருந்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். நான் எட்டு மாதம் மேஜையில் உட்கார்ந்து எழுதியவன்.

மலைப்பக்கத்துக் கல் சர்ச்சில் பதிவு. செல்லோ வாசித்தவள் மெரிடித் லோ. அவன் எழுத்தை இருபது வருஷமாக அறிந்தவள். பெவனால் வர முடியவில்லை, அதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். காலையில் மூன்று டேக், முழுதாக. மத்தியானம் மழை பிடித்தது. எல்லாரும் இறைச்சி அடைத்த பாஸ்டியைத் தின்றுவிட்டு, பாதிரியார் உடை மாற்றும் அறையில் தேநீர்க் கோப்பையோடு கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "மேல இருந்து பெவன்தான் மழையைக் கொட்டறான்" என்று யாரோ சொன்னார்கள். "வாயைக் கழுவு, அவன் இன்னும் சாகல" என்று மெரிடித் சீறினாள். மூன்று மணிக்கு மழை நின்றது. நாலாவது டேக் எடுத்தோம்.

அந்தப் பத்தொன்பது நிமிஷத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நான் என் காதை வைத்துப் பிழைத்திருக்க மாட்டேன். முடிந்த பிறகு வயலின்காரர் ஒருவர் வாத்தியத்தைப் பெட்டியில் வைக்காமலே வெளியே போய்ப் புல்வெளியில் நின்றார். ஐந்தாவது வேண்டுமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

காலையில் எடுத்த மூன்று டேக்கையும் வைத்து நான் அந்த ஒலித்தட்டைச் செய்தேன். இரண்டு வாரம் ஆயிற்று. சுத்தமான வேலை.

ஆஸ்பத்திரியில் அன்று நீ காபி வாங்கக் கீழே போயிருந்தாய். "இதை மட்டும் கேட்டுட்டுப் போறேன்டா. இதுவரைக்கும் பயந்தது போதும்" என்றான். தலையணையை உயர்த்தி, மூக்கில் இருந்த குழாயை நகர்த்தாமல், நானே ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். என் பையில் அந்த ஒலித்தட்டு, நாலாவது டேக் இரண்டும் இருந்தன, ஜோசி. இரண்டையும் கொண்டுபோயிருந்தேன். கை ஒலித்தட்டுக்குப் போயிற்று.

பத்தொன்பது நிமிஷமும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது நிமிஷத்தில் கண்ணை மூடினான். ரசித்து மூடுகிறவன் அப்படி மூடமாட்டான். முடிந்ததும் அவனாகவே ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்தான்.

"இதுதான் நல்ல டேக்கா, ராஸ்?"

"இதுதான்."

"என்னமோ, இந்தத் தடவை கெடைச்சிருச்சுன்னு நெனச்சேன்."

"நல்லாத்தான்டா இருக்கு. ஒரு தப்புகூட இல்ல."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்து, "நீ என்ன பண்ணுவ பாவம்" என்றான். நீ காபியோடு உள்ளே வந்தபோது, தன் காகிதங்களை யாருக்கும் கொடுக்க வேண்டாம், எதையும் யாரும் வாசிக்க வேண்டாம் என்று உன்னிடம் சொன்னான். மருந்து மயக்கம் என்று நீ நினைத்தாய். அவன் தெளிவாகத்தான் இருந்தான். ஒன்பது நாள் கழித்துப் போய்விட்டான்.

மிச்சம் உனக்குத் தெரியும். அடக்கத்தின்போது ஒலித்தட்டைப் போட்டார்கள். பாதியில் மெரிடித் எழுந்து நின்று, அத்தனை பேர் நடுவில், "இது நாங்க வாசிச்சது இல்ல. நாலாவது டேக் எங்க?" என்று கேட்டாள். துக்கத்தில் பேசுகிறாள் என்று அவளை உட்காரவைத்தார்கள். நீ மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாய்.

நீ எதைப் போட்டுக் காட்டினேன் என்றுதான் கேட்டாய். அதற்குப் பதில் சொல்லிவிட்டேன். அடுத்து நாலாவது டேக்கைக் கேட்பாய்; மற்ற பதினோரு ஒலித்தட்டுக்கும் நான் வைத்திருந்ததைக் கேட்பாய். கேட்காதே, அவை இல்லை. அடக்கம் முடிந்து வந்ததும் எல்லா ஹார்ட் டிஸ்க்கையும் மேஜையில் எடுத்து வைத்து, ஒவ்வொன்றையும் கடைசியாக ஒரு தடவை கேட்டு, கேட்டதை அழித்தேன். நாலு நாள் ஆயிற்று. அவற்றை வெளியே விட்டால் நாளைக்கு ஊரெல்லாம் அவனைத் தூக்கிவைத்துக் கொண்டாடும். செத்தவன் காதில் விழாத பாராட்டு யாருக்கு ஆகும்? இசைத்தாள்கள் உன்னிடம் இருக்கின்றன. நீ அவன் பேச்சை மீறினால் யாராவது மறுபடியும் வாசிக்கலாம். மெரிடித் வாசிப்பாள். நான் தடுக்கப்போவதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு நீ என்னை அரக்கன் என்று நினைப்பாய். அதனால் நாலாவது டேக்கைப் பற்றி மட்டும் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். அதை நான் பொறாமையால் ஒதுக்கினேன் என்று நீ எண்ணிவிடக் கூடாது. கடைசி ஸ்வரம் முடிந்ததும் ஒருவரும் அசையக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஓசை சுவர்களில் முழுதாக அடங்கும்வரை வில்லைக்கூட இறக்க மாட்டார்கள். நான் என் அறையில் பொத்தானை அழுத்தி, ஒலிபெருக்கி வழியாக "நன்றி" என்று சொன்ன பிறகுதான் மூச்சு விடுவார்கள். அன்றைக்கும் நான் பொத்தானை அழுத்தினேன். பேச்சு வரவில்லை. அந்தக் கல் சர்ச் முழுக்க ஒரு கிழவன் விம்மி விம்மி அழுகிற சத்தம் கேட்டது. மைக்குகள் திறந்துதான் இருந்தன, எல்லாம் பதிவாகிவிட்டது.

அப்படிச் சத்தம் புகுந்த டேக்கை யாரும் வைத்துக்கொள்வதில்லை, ஜோசி. தொழில் தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்.